புஷ் ராடைக் கடைசியில் வாங்குங்கள்!

பழைய டிராக்டர், ஆயில் இன்ஜினுக்கு வேலை பார்ப்பவர்கள் கவனத்துக்கு...

டிராக்டரை இன்ஜின் வேலைக்கு விட்டதும் பட்டறைக்காரர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கைடு, கேஸ்கெட் செட் என்று நீளும் அந்தச் சீட்டில் புஷ் ராடு பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கடைசி வரியில், ‘புஷ் ராடு - தேவைப்பட்டால்’ என்று இருக்கும். சீட்டிலேயே விலை குறைந்த சாமான்களில் அதுவும் ஒன்று என்பதால், யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. பழைய ராடைத் துடைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள். அல்லது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அளந்து பார்க்காமல் மாட்டிவிடுவார்கள்.

வேலை முடித்த இன்ஜின் முதல் சில நாள்கள் நன்றாகத்தான் ஓடும். சேற்றுழவில் இறக்கி இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும், இழுவை குறையும். மூடியைக் கழற்றினால் ஒரு ராடு வளைந்து கிடக்கும். அதை அப்படியே ஓட்டி, வால்வு பிஸ்டனில் இடித்துத் தலை ஒடிந்தால், புது பிஸ்டனும் லைனரும் போட்ட செலவு மொத்தமும் வீண். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வாடகை டிராக்டருக்கு அலைய வேண்டும்.

புஷ் ராடு செய்யும் வேலை எளிமையானது. கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. வால்வு மேலே ஹெட்டில் இருக்கிறது. கேம், டேப்பட்டைத் தூக்க, டேப்பட் ராடைத் தூக்க, ராடு ராக்கரின் ஒரு முனையைத் தள்ள, ராக்கரின் மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு தடவை திறக்கும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் லிஸ்டர் வகை 6 எச்.பி இன்ஜினில், ராடு நிமிடத்துக்கு 325 தடவை ஏறி இறங்கும். 1,500 சுற்று ஓடும் பீட்டர் வகை 5 எச்.பி இன்ஜினில் அது 750 தடவை. இரவு முழுக்க எட்டு மணி நேரம் தண்ணீர் இறைத்தால் 3,60,000 தடவை. இந்த வேலையை விரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி செய்கிறது.

லிஸ்டர் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் 1930 வாக்கில் வந்து, பிறகு குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்யப்பட்ட அந்த இன்ஜினில், இரண்டு புஷ் ராடுகளும் சிலிண்டருக்கு வெளியே கண்ணெதிரே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டிராக்டரில் இவை பிளாக்குக்குள் மறைந்திருப்பதால்தான் மறந்துபோகிறோம். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாசே ஃபெர்குசன் டிராக்டர்கள், சென்னை சிம்சனில் உருவான பெர்கின்ஸ் வழி இன்ஜின்கள் எல்லாம் புஷ் ராடு இன்ஜின்களே. அம்பாசிடர் காரின் பழைய 1,489 சி.சி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அதனால், வீட்டில் பழைய அம்பாசிடரை வைத்துக்கொண்டு வேலை பார்க்க யோசிப்பவர்களுக்கும் இங்கே சொல்பவை பொருந்தும்.

நீளம் எங்கே மாறுகிறது?

“ராடு தேயவும் இல்லை, வளையவும் இல்லை. பிறகு ஏன் அளக்க வேண்டும்?” என்று கேட்கலாம். ராடு மாறாமல் இருக்கலாம். ஆனால், அதற்குக் கீழும் மேலும் இருப்பவை எல்லாம் இன்ஜின் வேலையில் மாறிவிடுகின்றன. டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள தூரம்தான் ராடின் சரியான நீளத்தை முடிவு செய்கிறது. அந்தத் தூரத்தை லேத் பட்டறையில் நான்கைந்து இடத்தில் தொட்டிருப்பார்கள்.

முதலாவது, ஹெட் ஃபேசிங். ஹெட் கோணலாகிவிட்டது என்று அதன் அடிப்பகுதியைச் சீவினால், சீவிய அளவுக்கு ராக்கர் ஷாஃப்ட் கேமை நோக்கிக் கீழே வரும். ராடு அதே நீளம் இருந்தாலும், இப்போது அது ‘நீண்டுவிட்ட’ ராடு. பிளாக்கின் மேல்முகத்தைச் சீவினாலும் இதே கதைதான். இரண்டாவது, வால்வு சீட்டு. சீட்டைக் கட்டிங் செய்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலேறி உட்காரும். அதன் தண்டின் நுனி, ஸ்பிரிங் பக்கமாக அதே அளவு உயரும். ராக்கரின் வால்வு முனை உயர்ந்தால் ராடு முனை தாழும். அப்போதும் ராடு நீண்டதுபோலத்தான் ஆகும். ஆக, ஹெட்டைச் சீவி, சீட்டையும் வெட்டினால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

எதிர்த்திசையில் போவதும் உண்டு. பழையதைவிடத் தடிமனான ஹெட் கேஸ்கெட் போட்டால் ராக்கர் மேலே போகும், ராடு குட்டையாகும். கேம் ஷாஃப்ட்டைத் திரும்ப கிரைண்டிங் செய்தால், கேமின் அடிவட்டம் சிறுத்து டேப்பட் கீழே இறங்கும். விட்டத்தில் 1 மி.மீ குறைந்தால், டேப்பட் அரை மி.மீ இறங்கும். அப்போதும் ராடு குட்டைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹெட்டில் 0.30 மி.மீ சீவியிருக்கிறார்கள். சீட்டு வெட்டியதில் வால்வு 0.50 மி.மீ உள்ளே போயிருக்கிறது. ராக்கரின் வால்வு பக்கக் கை, ராடு பக்கக் கையைவிட ஒன்றரை மடங்கு நீளம் என்று வைத்துக்கொள்வோம். வால்வு நுனி உயர்ந்த 0.50 மி.மீ, ராடு பக்கத்தில் 0.33 மி.மீ ஆகும். இரண்டையும் கூட்டினால் 0.63 மி.மீ. ராக்கரில் உள்ள அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை முக்கால் சுற்று அளவுக்கு மேலே ஏற்றினால், இந்த வித்தியாசம் சரியாகிவிடும். எனவே, முதல் முறை வேலை பார்க்கும் இன்ஜினுக்குக் கம்பெனி அளவு ராடே போதும். வேறு நீளம் தேட வேண்டியதில்லை.

சிக்கல் வருவது மூன்றாவது, நான்காவது முறை வேலை பார்க்கும் இன்ஜினில்தான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிய ஹெட், ஒவ்வொரு முறையும் வெட்டிய சீட்டு. ஸ்க்ரூவை முழுக்க மேலே ஏற்றிய பிறகும் இடைவெளி வராது. உடனே, ‘ராடை லேத்தில் கொடுத்து 2 மி.மீ குறைத்துவிடலாம்’ என்று யோசனை வரும். அது தவறான இடத்தில் செய்யும் வைத்தியம். வால்வு அவ்வளவு உள்ளே போயிருந்தால், அந்தக் குழியில் தங்கும் காற்றால் கம்ப்ரஷன் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். சீட்டு இன்சர்ட்டை மாற்றி, வால்வைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹெட்டைச் சீவிவிட்டு சீட்டைத் தொடாமல் விட்டால், வால்வின் தலை ஹெட் முகத்தைவிட்டு வெளியே வந்து பிஸ்டனை நெருங்கும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையே 1 மி.மீ அளவே இருக்கும் என்பதால், அது விளையாட்டு அல்ல. வால்வு, ஹெட் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு இன்ஜின் புத்தகத்திலும் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் இருக்கும். லேத் பட்டறையிலிருந்து ஹெட்டை வாங்கும்போதே டயல் கேஜ் வைத்து அதை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஹெட்டும் பிளாக்கும் கேஸ்கெட்டும் முடிவான பிறகுதான் ராடு நீளம் முடிவாகும். அதனால்தான் புஷ் ராடைக் கடைசியில் வாங்க வேண்டும்.

கண்ணாடித் துண்டு போதும்

பழைய ராடைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆனால், கழற்றும்போதே ஒழுங்கு வேண்டும். ஓர் அட்டையில் வரிசையாக ஓட்டை போட்டு, எண் எழுதி, எந்த ராடு எந்த வால்வுக்கு உரியது, எந்த முனை மேல்முனை என்று தெரியும்படி செருகி வையுங்கள். பல வருடங்கள் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பழகிய ராடும் டேப்பட்டும் அதே ஜோடியாகத்தான் திரும்பச் சேர வேண்டும். ராடை நேராக வெடுக்கென்று இழுக்கக் கூடாது. டேப்பட் குழியில் உள்ள ஆயில் பிடித்துக்கொண்டு, டேப்பட்டும் கூடவே மேலே வந்து, பாதி வழியில் நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும் இன்ஜின்கள் உண்டு. லேசாகப் பக்கவாட்டில் அசைத்து, ஆயில் பிடியை விடுவித்துவிட்டு எடுக்க வேண்டும்.

டீசலில் கழுவித் துடைத்த ராடைத் தடிமனான கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நேரான ராடு சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால், நடுவில் இடைவெளி தெரியும். கனமான முனை உள்ள ராடுகளை முனை வெளியே தொங்கும்படி வைத்து உருட்ட வேண்டும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி, அன்றைக்கு இன்ஜினை ஓட்டிவிடலாம். ஆனால், ஒருமுறை வளைந்த கம்பி அடுத்த முறை அதே இடத்தில் சீக்கிரம் வளையும். நிமிர்த்திய ராடை வேலை முடித்த இன்ஜினில் போடக் கூடாது.

அடுத்து, முனைகள். கீழ்முனை உருண்டையாக டேப்பட் குழியில் உட்காரும். மேல்முனை பெரும்பாலும் கிண்ணம்போல இருந்து, ராக்கர் ஸ்க்ரூவின் உருண்டையைத் தாங்கும். உருண்டையில் பளபளப்பான வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். அது பழகிய அடையாளம். பள்ளம், செதில் உரிந்த தடம், நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் ராடைக் கழித்துவிட வேண்டும். நீல நிறம், ஆயில் போகாமல் சூடேறியதற்குச் சாட்சி. குழாய் வகை ராடுகளில் முனைகள் தனியாகச் செய்து இறுக்கப்பட்டவை. அந்த முனை லேசாகத் தளர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ராடைச் சிமென்ட் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் முனையைச் சந்தேகப்பட வேண்டும். பட்டறையில் வெர்னியர் இருந்தால், எல்லா ராடுகளின் நீளத்தையும் அட்டையில் எழுதிவிடுங்கள். ஆறில் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அதன் முனை உள்ளே இறங்கியிருக்கிறது. சில இன்ஜின்களில் இன்டேக் ராடும் எக்ஸாஸ்ட் ராடும் வேறு வேறு நீளம் என்பதையும் மறக்கக் கூடாது.

கடையில் என்ன கேட்பது?

டிராக்டர் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் ஓடிய டிராக்டரில் வருடத்துக்கு ஏற்ப இன்ஜின் மாறியிருக்கும். பிளாக்கில் அடித்துள்ள இன்ஜின் எண்ணையும் பழைய ராடு ஒன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். மலைத் தோட்டங்களில் ஓடிய பழைய ஜீப்பின் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினில், நான்கு சிலிண்டருக்கு நான்கே புஷ் ராடுகள். அதன் இன்டேக் வால்வு மட்டும்தான் ஹெட்டில். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கிறது. எட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தால் பாதி வீண்.

நீளம் சரியாக இருந்தும் உருண்டையின் பருமன் மாறியிருப்பதுதான், கடை ராடில் அடிக்கடி வரும் கோளாறு. பெரிய உருண்டை சிறிய குழியின் விளிம்பில் மட்டும் உட்காரும். சிறிய உருண்டை அடிப்புள்ளியில் மட்டும் குத்தி நிற்கும். இரண்டுமே சில நாள்களில் தேய்ந்து, இடைவெளி கூடி, சத்தம் கொடுக்கும். உருண்டையில் மெல்லிசாக மார்க்கிங் ப்ளூ தடவி, குழியில் வைத்துத் திருகி எடுத்துப் பாருங்கள். பூச்சு பரவலாகப் படிந்திருக்க வேண்டும்.

ராடு கெட்டியா, குழாயா என்பதும் முக்கியம். சில இன்ஜின்களில் ராடின் உள்துளை வழியாகத்தான் ராக்கருக்கு ஆயில் ஏறுகிறது. அந்த இடத்தில் கெட்டி ராடைப் போட்டால் ராக்கர் வறண்டு தேயும். பழைய ராடின் இரு முனையிலும் துளை இருக்கிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். துளை இருந்தால் புதியதிலும் இருந்தாக வேண்டும். லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து ராடு செய்து தருவதும் நடக்கிறது. பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால், முனைக்குக் கடினம் ஏற்றியிருக்க மாட்டார்கள். அரம் வைத்து முனையை லேசாகத் தேய்த்தால் தெரிந்துவிடும். கடினம் ஏற்றிய முனையில் அரம் வழுக்கும், ஏற்றாததில் கடிக்கும். குட்டையான ராடின் முனையில் வெல்டிங் வைத்து நீட்டுவது இதைவிட மோசம். வெல்டிங் சூட்டில் இருக்கும் கடினமும் போய்விடும்.

“புது ராடு போட்டேன், அதுவும் வளைந்துவிட்டது... ஏன்?”

இப்படிக் கேட்கும் வாசகர்கள், பெரும்பாலும் ‘மட்டமான ராடு’ என்று கடைக்காரரையே குறை சொல்கிறார்கள். ராடு தானாக வளைவதில்லை. மேலே ஏதோ ஒன்று திறக்க மறுக்கிறது; கீழே கேம் விடாமல் தள்ளுகிறது. நடுவில் இருப்பது வளைகிறது. அது வளையாமல் இருந்தால் கேமோ, ராக்கரோ ஒடிந்திருக்கும்.

முதல் சந்தேகம், வால்வு கைடில் இறுகியிருப்பது. மாதக்கணக்கில் ஓடாமல் கொட்டகையில் நின்ற இன்ஜினில் வால்வுத் தண்டு துருப் பிடித்தும், கரி படிந்தும் கைடில் ஒட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பிய வேகத்தில் ராடு வளையும். அப்படி நின்ற இன்ஜினைக் கிளப்பும் முன் மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டுகளில் ஆயில் விட்டு, கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றி எல்லா வால்வும் திரும்பி மேலே வருகின்றனவா என்று பாருங்கள். புதிதாகப் போட்ட கைடை ரீமர் போடாமல் இறுக்கமாக விட்டிருந்தாலும் இதே நிலைதான். அடுத்தது, டைமிங் பல்சக்கரத்தில் குறி ஒரு பல் தள்ளிப் போயிருப்பது. வால்வு பிஸ்டனில் இடிக்கும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் பள்ளத்தில் இறங்கும்போது, சிறிய கியரில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றினாலும் வால்வு பிஸ்டனைத் தொடக்கூடும். கவனக் குறைவும் ஒரு காரணம். ராடின் கீழ்முனை டேப்பட் குழியில் உட்காமல் விளிம்பில் நிற்கும்போதே ராக்கர் போல்ட்டை இறுக்கினால், இன்ஜின் ஓடும் முன்பே ராடு வளைந்துவிடும்.

எந்த ராடு போனது என்று சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். இன்டேக் ராடு விலகினால் அந்தச் சிலிண்டர் சும்மா கிடக்கும். எக்ஸாஸ்ட் ராடு விலகினால், எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல், இன்டேக் வால்வு திறந்ததும் ஏர் கிளீனர் பக்கமாக ‘பட் பட்’ என்று வெடித்துத் திரும்பும்.

மாட்டும்போது...

ராக்கர் ஸ்டாண்டை இறக்கும் முன் எல்லா அட்ஜஸ்டிங் ஸ்க்ரூக்களையும் நன்றாகத் தளர்த்திவிட வேண்டும். ராடுகளின் முனையை இன்ஜின் ஆயிலில் தோய்த்து இறக்கி, ஒவ்வொன்றும் குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் சுழற்றிப் பாருங்கள். பிறகு, ஸ்டாண்ட் போல்ட்டுகளை ஒரே பக்கம் இறுக்காமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இடைவெளி வைத்து முடித்ததும் ஸ்க்ரூ நிற்கும் இடத்தைப் பாருங்கள். மரையின் நடுப்பகுதியில் நின்றால், நீளம் சரி. முழுக்க மேலேறி, ராடின் கிண்ணம் ராக்கரின் உடம்பைத் தொடப்போகிறது என்றால், ராடு நீளம். முழுக்கக் கீழிறங்கி, லாக் நட்டுக்கு மரையே மிச்சமில்லை என்றால், ராடு குட்டை. இன்னொரு சோதனையும் உண்டு. வால்வு நுனியில் மார்க்கர் மை தடவி, இன்ஜினைக் கையால் சில சுற்று சுற்றி, ராக்கர் மையை அழித்த தடத்தைப் பாருங்கள். தடம் நுனியின் நடுவில் ஒடுக்கமாக இருக்க வேண்டும். ஓரமாகப் போயிருந்தால், வால்வு திறக்கும்போதெல்லாம் தண்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டு, புதுக் கைடு சீக்கிரம் தேயும். வித்தியாசம் சிறிதென்றால், ராடை மாற்றுவதைவிட ராக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்துவது நல்ல வழி. ஆனால், ஏதாவது ஒரு ஸ்டாண்ட் வழியாகத்தான் ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஆயில் ஏறும். அந்த ஸ்டாண்டின் தகட்டில் துளை போட மறந்தால் ஆயில் அடைபட்டுவிடும்.

இடைவெளி அளவை இன்ஜின் புத்தகத்தில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் 3.152 இன்ஜினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ, சூடான நிலையில் 0.25 மி.மீ. சத்தம் வரக் கூடாது என்பதற்காக இதைவிட இறுக்கமாக வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படி வைத்தால் தண்டு சூட்டில் நீளும்போது வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டு வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. உட்காராத வால்வு சூடு இறங்காமல் விளிம்பு கருகிப்போகும். லேசான ‘டிக் டிக்’ சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு இன்ஜின்களில் ஒரு பழைய சுலப வழி உண்டு. 1-3-4-2 என்ற வரிசையில் அடிக்கும் அம்பாசிடர் இன்ஜினில், முன்னாலிருந்து வால்வுகளுக்கு எண் கொடுங்கள். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9 வர வேண்டும். மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒற்றைச் சிலிண்டர் ஆயில் இன்ஜினுக்குக் கணக்கே தேவையில்லை. கம்ப்ரஷன் முடிந்து பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். இரண்டு ராடும் விரலில் சுழலும். அப்போது வைத்துவிடலாம்.

“வேலை முடித்து வந்தபோது இடைவெளி சரியாக இருந்தது, ஒரு மாதத்தில் குறைந்துவிட்டதே?” என்றும் சிலர் கேட்கிறார்கள். புது ஹெட் கேஸ்கெட் முதல் சில சூட்டில் அமுங்கும். ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கும்போது ஹெட் இன்னும் கொஞ்சம் கீழே வரும். ஃபேசிங்கில் நடந்ததுபோலவே இங்கும் ராடு நீண்டு, இடைவெளி குறையும். எனவே, புத்தகத்தில் சொல்லியிருக்கும் மணி நேரம் ஓடியதும், ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கிவிட்டு, ஃபீலர் கேஜ் வைத்து எல்லா வால்வுகளுக்கும் இடைவெளியைத் திரும்ப வைக்க வேண்டும். ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கவே கூடாத கேஸ்கெட்டுகளும் இப்போது வருகின்றன. அந்த விவரம் கேஸ்கெட் உறையிலேயே அச்சிட்டிருக்கும் என்பதால், உறையைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.